சுமை குறையட்டும்; நடை குறைய வேண்டாம்!

கோல்ப் ஆட்டம் என்றால் என்ன?

பரந்த புல்வெளி. சின்னஞ்சிறு வெள்ளைப் பந்து. நீண்ட மட்டை. வெகு தூரத்தில் ஒரு கொடி. கொடியின் அடியில் ஒரு குழி. குழியின் அகலம் நாலேகால் அங்குலம்தான்.

பந்தை அடித்து அடித்து அந்தக் குழியில் போட வேண்டும். அதோடு முடிந்ததா? இல்லை. இப்படி 18 குழிகள்!

ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்த ஆட்டம் இது. அங்கே 1457-ம் ஆண்டிலேயே அரசாங்கம் இதற்குத் தடை போட்டது. மக்கள் வில்வித்தை பழகாமல் இந்த ஆட்டத்திலேயே பொழுதைக் கழிக்கிறார்கள் என்பது புகார்! தடை போட்டும் ஆட்டம் நிற்கவில்லை. இன்று உலகம் முழுவதும் ஆடுகிறார்கள்.

கோல்ப் ஆடுகிறவர் ஓட வேண்டியதில்லை. குதிக்க வேண்டியதில்லை. ஆனால் நடக்க வேண்டும். 18 குழிகளையும் முடிப்பதற்குள் 8 கிலோ மீட்டருக்கு மேலேகூட நடந்துவிடுவார். அதற்குச் சுமார் 4 மணி நேரம் ஆகும்.

வெறுங்கையோடு நடந்தால் பரவாயில்லை. கூடவே ஒரு பை இருக்கிறதே!

அந்தப் பையில் 14 மட்டைகள் வரை இருக்கலாம். 14-க்கு மேல் கூடாது என்பது சட்டம். இந்தச் சட்டம் 1938-ல் அமெரிக்காவிலும், அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் வந்தது. அதற்கு முன்பு 20-க்கு மேற்பட்ட மட்டைகளைக் கொண்டுபோனவர்களும் உண்டு.

மட்டை, பந்து, குடை, மழைச்சட்டை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் பையின் எடை 12 கிலோ, 15 கிலோ என்று ஆகிவிடும். 25 கிலோ அரிசி மூட்டையில் பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு 8 கிலோ மீட்டர் நடப்பதற்குச் சமம் அது!

இருபது வயதில் இது விளையாட்டு. அறுபது வயதில் இது தண்டனை.

மூன்று வழிகள்

வயது ஏறுகிறது. இடுப்பு வலிக்கிறது. தோள் இறங்குகிறது. அப்போது கோல்ப் ஆடும் பெரியவர் என்ன செய்வார்?

அவருக்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, ஆட்டத்தையே விட்டுவிடலாம். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம். இது மிகவும் மோசமான வழி.

இரண்டு, உட்கார்ந்து ஓட்டும் மின்சாரக் காரில் ஏறி மைதானத்தைச் சுற்றலாம். அமெரிக்காவில் பலர் இப்படித்தான் ஆடுகிறார்கள். இதில் பந்து குழியில் விழும். ஆனால் காலுக்கு வேலை குறைந்துவிடும்.

மூன்று, பையைச் சுமக்க ஒரு மின்சாரத் தள்ளுவண்டி வாங்கலாம். பை வண்டியில் போகும். மனிதர் பக்கத்தில் நடந்து போவார்.

இந்த மூன்றாவது வழிதான் நல்ல வழி. முதுகின் பாரம் இறங்குகிறது. காலின் வேலை நிற்கவில்லை.

சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சுமார் 3 லட்சம் கோல்ப் ஆட்டக்காரர்களைப் பற்றிய கணக்கு அது. அதே வயதுள்ள மற்றவர்களைவிட, கோல்ப் ஆடுகிறவர்களிடையே சாவு விகிதம் 40 சதவீதம் குறைவாக இருந்தது.

கோல்ப் ஒன்றுதான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கோல்ப் ஆடுகிறவர்களுக்கு வசதி இருக்கும். நல்ல சாப்பாடு இருக்கும். உடல்நலம் உள்ளவர்கள்தான் மைதானத்துக்கு வருவார்கள். ஆனால் தினமும் நடப்பது உடம்புக்கு நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆகவே, வண்டி வாங்கப் போகிறவர் மனதில் ஒரு கேள்விதான் இருக்க வேண்டும். "இந்த வண்டி, பெரியவரை இன்னும் பத்து ஆண்டு நடக்க வைக்குமா?"

எது மினுக்குகிறது, எது புதிது, பக்கத்து வீட்டுக்காரர் எதை வாங்கினார் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பழைய காலத்தில் யார் சுமந்தார்கள்?

பழைய காலத்தில் பையைச் சுமக்க ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆளுக்கு ஆங்கிலத்தில் "கேடி" என்று பெயர். பயப்பட வேண்டாம். போலீஸ் தேடும் கேடி அல்ல; இது பை தூக்கும் கேடி!

1913-ம் ஆண்டு அமெரிக்காவில் பெரிய போட்டி ஒன்று நடந்தது. பிரான்சிஸ் ஊய்மெட் என்ற 20 வயது இளைஞர் அதில் கலந்துகொண்டார். சிறு வயதில் அவரும் பை தூக்கியவர்தான். எதிரே நின்றவர்களோ, இங்கிலாந்திலிருந்து வந்த மகா வீரர்களான ஹாரி வார்டனும் டெட் ரேயும்.

ஊய்மெட்டுக்குப் பை தூக்கியவன் எட்டி லோவரி. அவனுக்கு வயது 10! பை கிட்டத்தட்ட அவன் உயரம் இருந்தது.

அந்த இளைஞர் ஜெயித்தார். உலகமே வியந்தது. பையைச் சுமந்துகொண்டு அந்தச் சிறுவன் பக்கத்தில் நடக்கும் போட்டோ இன்றும் புகழ் பெற்றது. எட்டி பிற்காலத்தில் கார் வியாபாரம் செய்து பெரும் பணக்காரர் ஆனார்.

பிறகு காலம் மாறியது. பிரிட்டனில் சாதாரண கிளப்புகளில் பை தூக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. இரண்டு சக்கரம் வைத்த இழுவண்டிகள் வந்தன. பையை அதில் கட்டி, கையால் இழுத்துக்கொண்டு போனார்கள். தோள் தப்பியது. ஆனால் ஒரு கையைப் பின்னால் நீட்டி, மேட்டில் இழுத்துப் போனதால் முதுகு திரும்பித் திரும்பி வலித்தது.

இழுவண்டிக்கு மோட்டார் வைத்தால் என்ன? இந்த யோசனையில் பிறந்த கம்பெனிகளில் ஒன்று இங்கிலாந்தின் "பவாகேடி". 1983-ல் அது தன் மின்சார வண்டியைக் கொண்டுவந்தது. இன்று பிரிட்டனில் எந்த மைதானத்துக்குப் போனாலும் மின்சாரத் தள்ளுவண்டிகளைக் காணலாம்.

வண்டியின் உடம்பு

இந்த வண்டியில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை.

பின்னால் இரண்டு சக்கரம். முன்னால் ஒரு சிறு சக்கரம். நடுவில் மடங்கும் சட்டம். மேலே கைப்பிடி. கீழே மோட்டார். மோட்டாருக்கு உயிர் கொடுக்க ஒரு பாட்டரி. அவ்வளவுதான்.

கைப்பிடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருகினால் வேகம் கூடும், குறையும். மனிதர் நடக்கும் வேகத்துக்கு வண்டியும் போகும். கைப்பிடியைப் பிடித்துத் திசை காட்டினால் போதும். தள்ள வேண்டியதில்லை, இழுக்க வேண்டியதில்லை.

எல்லா வண்டியும் இதைச் செய்யும். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

முதலில் பாட்டரியைப் பாருங்கள்

வண்டியின் பாதி விலையும் பாதித் தொல்லையும் பாட்டரியில்தான் என்று சொன்னாலும் மிகை ஆகாது.

பாட்டரி இரண்டு வகை.

ஒன்று ஈயப் பாட்டரி. கார்களில் நெடுங்காலமாக இருப்பது இந்த ஜாதிதான். விலை குறைவு. ஆனால் கனம் அதிகம். 18 குழி ஆட்டத்துக்கு வேண்டிய ஈயப் பாட்டரி 8 முதல் 10 கிலோ வரை இருக்கும்.

மற்றது லித்தியம் பாட்டரி. செல்போனில் இருக்கும் பாட்டரிக்கு இது அண்ணன். விலை அதிகம். ஆனால் எடை 2 அல்லது 3 கிலோதான்.

10 கிலோவுக்கும் 3 கிலோவுக்கும் என்ன வித்தியாசம்? கடையில் நிற்கும்போது தெரியாது. ஆட்டம் முடிந்து, களைத்துப்போன பெரியவர், அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகும்போது தெரியும். முதுகு வலிக்கிறது என்று வண்டி வாங்கிவிட்டு, பாட்டரி தூக்கி முதுகை முறித்துக்கொள்வதா?

ஆயுளிலும் வித்தியாசம் உண்டு. ஈயப் பாட்டரியை ஆட்டம் முடிந்த உடனே சார்ஜ் செய்ய வேண்டும். காலியாகவே போட்டு வைத்தால் உள்ளே இருக்கும் தகடுகள் கெட்டுவிடும். மறதி உள்ளவர் வாங்கினால் அது சீக்கிரம் செத்துவிடும். லித்தியம் பாட்டரி பல முறை சார்ஜ் ஏற்றினாலும் தாங்கும். அதற்கு 5 ஆண்டு உத்தரவாதம் தரும் கம்பெனிகளும் உண்டு.

ஆகவே குறைந்த விலை என்று ஈயப் பாட்டரியை வாங்குவதற்கு முன், கணக்குப் போட வேண்டும். சில ஆண்டுகளுக்குள் இன்னொரு பாட்டரி வாங்க நேர்ந்தால், மிச்சம் பிடித்த பணம் எங்கே?

எவ்வளவு பெரிய பாட்டரி வேண்டும்?

12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்று பாட்டரியின் மேல் எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்க வேண்டும். 12 பெருக்கல் 20 என்பது 240. அதாவது 240 வாட்-மணி.

மின்சார பில்லில் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. ஆகவே ஒரு முறை சார்ஜ் செய்ய கால் யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம்!

சில பாட்டரிகள் 18 குழிகளுக்கு. சில பாட்டரிகள் 36 குழிகளுக்கு. ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம் ஆடுகிறவருக்கு 36 குழிப் பாட்டரி அவசியம் இல்லை. ஆனால் மைதானம் மேடும் பள்ளமுமாக இருந்தால், சற்றுப் பெரியதாக வாங்குவது நல்லது. மேடு ஏறும்போது மோட்டார் அதிக மின்சாரம் குடிக்கும்.

விமானத்தில் பயணம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பாட்டரியைப் பிரயாணிகள் விமானத்தில் கொண்டுபோகக் கூடாது. மேலே சொன்ன 240 வாட்-மணிப் பாட்டரி விமான நிலையத்திலேயே நின்றுவிடும்!

பாட்டரியிடம் ஜாக்கிரதை

பாட்டரியோடு வந்த சார்ஜரை மட்டுமே உபயோகிக்க வேண்டும். ஈயப் பாட்டரியின் சார்ஜரை லித்தியம் பாட்டரிக்கு மாட்டக் கூடாது.

உறைபனிக் குளிரில் லித்தியம் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. பிரிட்டனில் குளிர்காலத்தில் கார் ஷெட் உறைந்து கிடக்கும். அங்கே வைத்துச் சார்ஜ் செய்தால் பாட்டரி கெடும்.

கீழே விழுந்து நசுங்கிய பாட்டரி, உப்பிய பாட்டரி இவற்றைத் தொடர்ந்து உபயோகிப்பது ஆபத்து. தீப்பிடிக்கலாம். வீட்டு வாசலை மறித்துக்கொண்டு சார்ஜ் போடுவதும் தவறு. தீ பிடித்தால் வெளியே ஓட வழி வேண்டாமா?

செத்த பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. பாட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

யார் தூக்குவது?

வண்டி மைதானத்தில் தானாகப் போகும். ஆனால் வீட்டிலிருந்து மைதானத்துக்குத் தானாகப் போகாதே!

வண்டியை மடக்க வேண்டும். தூக்க வேண்டும். கார் டிக்கியில் வைக்க வேண்டும். பிறகு இறக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மறுபடியும் இதே வேலை.

பாட்டரி இல்லாத வண்டியே சுமார் 10 கிலோ இருக்கும். ஈயப் பாட்டரியையும் சேர்த்தால் 20 கிலோவை நெருங்கும். லித்தியம் என்றால் 12, 13 கிலோ. ஆகவே தூக்குவதற்கு முன் பாட்டரியைத் தனியாகக் கழற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

மாடி வீட்டில் குடியிருக்கிறவருக்கு எடைதான் முதல் கவலை. சிறிய கார் வைத்திருக்கிறவருக்கு மடக்கிய அளவுதான் முதல் கவலை. வண்டியைக் கிளப்பிலேயே பூட்டி வைக்க இடம் உள்ளவருக்கு இந்த இரண்டு கவலையும் இல்லை. அவர் பாட்டரியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும்.

மடக்கும் முறையையும் பார்க்க வேண்டும். இரண்டே அசைவில் மடங்கும் வண்டிகள் இருக்கின்றன. கொக்கி, திருகு, பூட்டு என்று ஐந்தாறு வேலை வைக்கும் வண்டிகளும் இருக்கின்றன. விரல் மூட்டு வீங்கிய பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மேடும் பள்ளமும்

மைதானம் எப்படி இருக்கிறதோ, அப்படி வண்டி இருக்க வேண்டும்.

சமதரையான மைதானத்துக்குச் சாதாரண வண்டி போதும். மலைப்பாங்கான மைதானம் என்றால் பிரேக் வேண்டும்.

ஏன் தெரியுமா? 15 கிலோ பை வைத்த வண்டி சரிவில் இறங்கும்போது வேகம் பிடிக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெரியவர் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும். கால் தடுக்கினால் இடுப்பு எலும்பு போச்சு!

நல்ல வண்டிகளில் மோட்டாரே பிரேக்காகவும் வேலை செய்யும். சரிவிலும் அதே வேகத்தில் நிதானமாக இறங்கும். மலைச் சரிவில் ஆடுகிறவர்கள் இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். அது வீண் செலவு ஆகாது.

மழைக்காலத்தில் இன்னொரு பிரச்சினை. ஈரப் புல்லில் சக்கரம் வழுக்கும். புல்வெளியும் கெடும். அதனால் பிரிட்டனில் பல கிளப்புகள் குளிர்காலத்தில் வண்டிகளுக்குத் தடை போடுகின்றன. முள்ளம்பன்றி மாதிரி முனைகள் கொண்ட தனிச் சக்கரம் மாட்டினால் அனுமதிக்கும் கிளப்புகளும் உண்டு. வண்டி வாங்குவதற்கு முன்பு தம் கிளப்பின் விதி என்ன என்று கேட்டுக்கொள்வது நல்லது. வாங்கிய வண்டி ஆண்டில் மூன்று மாதம் ஷெட்டில் தூங்கினால் யாருக்கு லாபம்?

பந்து தற்செயலாகத் தன் வண்டியின் மேல் பட்டுவிட்டால் தண்டனை உண்டா என்று சிலர் பயப்படுவார்கள். பயம் வேண்டாம். 2019-ல் வந்த புதிய விதிப்படி அதற்குத் தண்டனை இல்லை.

வேடிக்கையும் தேவையும்

இன்றைய வண்டிகளில் வேடிக்கைகள் ஏராளம்.

ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி தானாகவே சிறிது தூரம் போய் நிற்கும். இன்னொரு வண்டி, குழிக்கு இன்னும் எத்தனை கஜம் இருக்கிறது என்று சிறு திரையில் காட்டும். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் வண்டியும் உண்டு.

ரிமோட் வண்டியும் இருக்கிறது. மனிதர் கையை வீசிக்கொண்டு நடப்பார். வண்டி முன்னால் போகும். இடது சக்கரம் மெதுவாகவும் வலது சக்கரம் வேகமாகவும் சுற்றினால் வண்டி இடது பக்கம் திரும்பும். இதற்காகச் சக்கரத்துக்கு ஒரு மோட்டார் வீதம் இரண்டு மோட்டார்கள் வைத்திருக்கிறார்கள். ஆட்டக்காரரைப் பின்தொடர்ந்து வரும் வண்டிகூட வந்துவிட்டது. எஜமானைத் தொடரும் நாய் மாதிரி!

இவை யாருக்குத் தேவை? கை வலி, தோள் வலி உள்ளவர்களுக்கு ரிமோட் வண்டி உண்மையான உதவி. மற்றவர்களுக்கு அது ஆசை. ஆசைப்படுவது குற்றம் இல்லை. ஆனால் கவனம் சிதறினால் வண்டி குளத்தில் இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விலையும் அதற்கு ஏற்றபடி ஏறும். பிரிட்டனில் சாதாரண வண்டி சில நூறு பவுனுக்குக் கிடைக்கும். (பவுன் என்பது அந்நாட்டு நாணயம்.) ரிமோட் வண்டி ஆயிரம் பவுனைத் தாண்டிவிடும்.

பெரியவருக்குப் பிறந்த நாள் பரிசாகப் பிள்ளைகள் வண்டி வாங்குவது உண்டு. அன்பான காரியம். ஆனால் அதில் ஒரு தவறு நடக்கிறது. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த வண்டியை வாங்கிவிடுகிறார்கள். பத்துப் பொத்தான், ஒளிரும் திரை. பெரியவருக்கோ அதைப் பார்த்தால் பயம். கெடுத்துவிடுவோமோ என்று தொடவே மாட்டார். கடைசியில் பழைய இழுவண்டியோடுதான் போவார்.

ஆகவே பரிசு கொடுக்கிறவர்கள் பெரியவரையும் கடைக்கு அழைத்துப்போக வேண்டும். அவர் கை எந்தக் கைப்பிடியில் இயல்பாகப் படிகிறதோ, அதுதான் அவருக்கு ஏற்ற வண்டி.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கடைக்காரர் பேசுவதைக் கேட்பது முக்கியம். வண்டியைத் தொட்டுப் பார்ப்பது அதைவிட முக்கியம். ஆறு சோதனைகள் போதும்.

1. பெரியவரே வண்டியை மடக்கி, விரித்துப் பார்க்கட்டும். கடைக்காரர் செய்து காட்டுவது கணக்கில் சேராது.

2. மடக்கிய வண்டியைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பார்க்கட்டும். கார் டிக்கியின் உயரம் அதுதான்.

3. கைப்பிடி உயரத்தைச் சரி செய்து நடந்து பார்க்கட்டும். முதுகு குனியக் கூடாது.

4. பையை ஏற்றி வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். பை சுற்றிக்கொள்கிறதா? வண்டி நேராகப் போகிறதா, ஒரு பக்கமாக இழுக்கிறதா?

5. பாட்டரியைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். நடுவழியில் பாட்டரி தீர்ந்தால் அப்படித்தானே தள்ள வேண்டும்? தள்ளவே முடியாத வண்டி வேண்டாம்.

6. ரிப்பேர் எங்கே செய்வார்கள், உதிரிச் சாமான் கிடைக்குமா, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்டு, எழுதி வாங்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பாட்டரியின் வயதைக் கேட்க வேண்டும். வண்டி பளபளப்பாக இருக்கும். பாட்டரி கிழமாக இருக்கும். பத்து நிமிடம் கடையைச் சுற்றி ஓடிய வண்டி, நாலு மணி நேரம் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நடக்கவே முடியாதவர்?

நடப்பது நல்லது என்று சொல்வது எளிது. நடக்க முடியாதவர் என்ன செய்வார்?

அமெரிக்காவில் கேசி மார்ட்டின் என்ற கோல்ப் வீரர் இருந்தார். பிறவியிலேயே அவர் வலது காலில் ரத்த ஓட்டக் கோளாறு. நடந்தால் கடுமையான வலி. "எனக்குக் காரில் போக அனுமதி வேண்டும்" என்று கேட்டார். போட்டி நடத்தும் சங்கம் மறுத்தது. "நடப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி" என்று சொன்னது.

வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2001-ல் தீர்ப்பு வந்தது. 7 நீதிபதிகள் மார்ட்டின் பக்கம். 2 பேர் எதிர்ப்பக்கம். மார்ட்டினுக்குக் கார் கிடைத்தது.

அது நியாயமான தீர்ப்பு. கால் முடியாதவருக்குக் கார் கொடுக்க வேண்டும். கால் உள்ளவரைக் காரில் உட்கார வைத்து, காலைக் கெடுக்கக் கூடாது. இரண்டும் ஒரே நியாயத்தின் இரண்டு பக்கங்கள்தான். இருதய நோய் உள்ளவர்கள், மூட்டு வலி உள்ளவர்கள் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில்?

இந்தியாவிலும் கோல்ப் பழைய ஆட்டம்தான். கல்கத்தா கோல்ப் கிளப் 1829-ல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ப் கிளப்புகளில் அதுவே மிகப் பழையது. நம் கொடைக்கானலில் 1895-லேயே கோல்ப் கிளப் வந்துவிட்டது.

ஆனால் இங்கே ஒரு பெரிய வித்தியாசம். பிரிட்டனின் சாதாரண கிளப்புகளில் அரிதாகிவிட்ட "கேடி" இங்கே இன்னும் இருக்கிறார். பையைச் சுமப்பவர் அவர்தான். அவர் தோளில் இருப்பது பை மட்டும் இல்லை. ஒரு குடும்பத்தின் அடுப்பும்தான்.

அவர் வெறும் சுமை தூக்குகிறவரும் அல்ல. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்த மட்டையை எடுக்க வேண்டும், புதரில் விழுந்த பந்து எங்கே கிடக்கும் எல்லாம் அவருக்குத் தெரியும்.

டெல்லியில் பை தூக்கிய அலி ஷேர், 1991-ல் இந்திய ஓபன் போட்டியில் வெற்றி பெற்றார். தொழில்முறை ஆட்டக்காரராக அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவர். பெங்களூரில் பை தூக்கிய சின்னசாமி முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். பை தூக்கிய தோள் கோப்பையையும் தூக்கியது!

ஆகவே இங்கே மின்சார வண்டி வாங்கும் கிளப்புகளும் கனவான்களும் ஒன்றைச் செய்ய வேண்டும். வண்டியை நடத்தும் வேலையை அந்தத் தொழிலாளிக்கே கொடுக்க வேண்டும். கூலியைக் குறைக்கக் கூடாது. அவருக்கும் வயதாகிறது. அவருக்கும் முதுகு வலிக்கிறது. 15 கிலோ சுமை தோளிலிருந்து இறங்கினால், அவரும் இன்னும் பத்து ஆண்டு நடப்பார், சம்பாதிப்பார்.

"வண்டி வந்துவிட்டது, நீ வீட்டுக்குப் போ" என்று அவரிடம் சொல்வது பாவம். "வண்டி வந்துவிட்டது, நீ சுமக்க வேண்டாம், கூட வா" என்று சொல்வதுதான் மனிதத் தன்மை.

வாங்குவதற்கு முன்

எந்திரம் எதற்காக? மனிதனுடைய கஷ்டத்தைக் குறைப்பதற்காக. அம்மி இருந்த இடத்தில் மிக்சி வந்தது. அம்மாவின் கை வலி குறைந்தது. அதற்காக அம்மாவின் சமையலை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கோல்ப் வண்டியும் அப்படித்தான். அது சுமையை எடுத்துக்கொள்ளட்டும். நடையை எடுத்துக்கொள்ள விடக் கூடாது. பிழைப்பையும் எடுத்துக்கொள்ள விடக் கூடாது.

லேசான பாட்டரி, எளிதாக மடங்கும் சட்டம், சரிவில் நிற்கும் பிரேக், கைக்கு அடங்கிய திருகு, பக்கத்தில் ஒரு ரிப்பேர் கடை. இந்த ஐந்தும் இருந்தால் அது நல்ல வண்டி. மற்றது எல்லாம் கையில் மிச்சப் பணம் இருந்தால்!

அப்படிப்பட்ட வண்டியோடு ஒரு பெரியவர் காலையில் மைதானத்துக்குப் போய், 8 கிலோ மீட்டர் நடந்து, நல்ல பசியோடு வீட்டுக்கு வருகிறார் என்றால், கொடுத்த பணத்துக்கு வட்டியும் முதலும் வந்துவிட்டது என்று அர்த்தம்.